நீந்தத் தெரியாத பயிற்சியாளர்

எங்கள் பள்ளியின் ஆண்டு மலருக்கு நீச்சல் குளத்துப் பம்ப்காரரைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார் தலைமை ஆசிரியை. "உங்களுக்குத்தானே அவரை நல்லாத் தெரியும்?" என்றார். தெரியும். பன்னிரண்டு வருஷமாகத் தெரியும். அதில் பாதிக்கு மேல் அந்த மனுஷன்மேல் வயிறெரிந்துகொண்டே இருந்திருக்கிறேன் என்பதுதான் தலைமை ஆசிரியைக்குத் தெரியாது. மலருக்கு ஒன்று எழுதிக் கொடுத்துவிட்டேன். எளிமை, கடமை உணர்வு, அர்ப்பணிப்பு என்று போடவேண்டியதெல்லாம் அதில் போட்டிருக்கிறேன். இது அதில் போடாதது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பார்வையில்லாத பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் நான் விளையாட்டு ஆசிரியை. பட்டம் வாங்கியவள். அது போதாதென்று நீச்சல் பயிற்சிக்குத் தனியாக ஒரு சான்றிதழும் வாங்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டி வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் கண்ணில் படவேண்டும் என்றுதான் மாட்டினேன், வேறெதற்கு? கழுத்தில் எப்போதும் விசில் தொங்கும். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். பிள்ளைகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் விசில் மிஸ்.

பம்ப்காரருக்கு எட்டாம் வகுப்புப் படிப்பு. நகராட்சிக் குளத்தின் பின்னால் இருக்கும் பம்ப் அறைதான் அவருடைய உலகம். விடியும் முன்பே வந்து மோட்டாரைப் போடுவார், வடிகட்டியைக் கழுவுவார், குளோரின் கலப்பார். அப்புறம் ஒரு நீண்ட அலுமினியக் கம்பின் நுனியில் வலையை மாட்டிக்கொண்டு, குளத்தைச் சுற்றி நடந்து தண்ணீரில் விழுந்து கிடக்கும் இலைகளை அள்ளுவார். நான் அவரை முதலில் பார்த்தபோதே இந்த வேலையில் பதினான்கு வருஷம் முடித்திருந்தார். கரையில் நின்றபடியே, நாலு ஆள் தூரத்தில் மிதக்கும் ஒற்றை இலையைத் தண்ணீர் கலங்காமல் எடுத்துவிடுவார். மோட்டார் சத்தத்தில் இடது காது பாதி போய்விட்டதால் சாதாரணமாகப் பேசுவதையே ஊருக்கு அறிவிக்கிற மாதிரிதான் பேசுவார். "டீச்சரம்மா, உங்க பை ஜிப் திறந்து கெடக்கு!" என்று ஒருமுறை அந்தக் கரையிலிருந்து கத்தினார். குளத்தில் இருந்த அத்தனை பேரும் என் பையைத் திரும்பிப் பார்த்தார்கள்.

வீட்டில் அவர் மனைவி தையல் வேலை செய்கிறாள். இரண்டு பெண்களையும் கட்டிக்கொடுத்தாயிற்று. இவ்வளவு காலம் தண்ணீரோடு குடும்பம் நடத்திய மனுஷனுக்கு நீச்சல் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஏன் கற்றுக்கொள்ளவில்லை என்று கேட்டால், "எல்லாரும் உள்ள எறங்கிட்டா வெளியில நின்னு யாரு பாக்கிறது?" என்று சிரிப்பார்.

அடுத்து, இந்தக் கதை யாரால் வந்ததோ அவள். எட்டு வயதில் எங்கள் விடுதிக்கு வந்தாள். பிறவியிலேயே பார்வை இல்லை. அம்மா ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் பிரிவில் வேலை செய்கிறவள். அப்பா இல்லை. வந்த முதல் நாளே என்னிடம், "மிஸ், உங்க விசில் என்ன கலர்? நீங்க குண்டா? ஏன் நடக்கும்போது உங்க செருப்பு மட்டும் சண்டை போடுது?" என்று வரிசையாகக் கேட்டாள். வாயாடி என்று நான்தான் பெயர் வைத்தேன். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

அவளைத் தண்ணீரில் இறக்கியது நான். இதை யாரும் மறுக்கமுடியாது. முகத்தைத் தண்ணீருக்குள் வைக்கவே மாட்டேன் என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறியவளை, மூன்று மாதம் இடுப்பளவு தண்ணீரில் நின்று, என் சளி இருமலையும் பொருட்படுத்தாமல், மிதக்க வைத்தேன். கையை எப்படி வீசுவது, மூச்சை எங்கே எடுப்பது, எல்லாம் என் பாடம். சுவர் எங்கே இருக்கிறது என்று தெரிவதற்கு எண்ணிக்கை சொல்லிக் கொடுத்தேன். ஒரு நீளத்துக்கு அவளுக்கு அறுபத்திரண்டு கைவீச்சு. ஐம்பத்தெட்டு எண்ணியதும் வேகத்தைக் குறைத்துக் கையை முன்னால் நீட்டிவிடவேண்டும்.

பதினோரு வயதில் ஒரு நாள் அவள் எண்ணிக்கையை முந்திக்கொண்டு வளர்ந்துவிட்டாள். கை நீண்டிருந்தது, பலம் கூடியிருந்தது, ஐம்பத்தாறிலேயே சுவர் வந்துவிட்டது. முழு வேகத்தில் போய் முட்டினாள். நான் அந்த நேரம் கரையில் பாட்டு டீச்சரோடு பேசிக்கொண்டிருந்தேன். அதை மறைத்துப் பயனில்லை. 'டம்' என்று ஒரு சத்தம். திரும்பிப் பார்ப்பதற்குள் நீச்சல் தெரியாத பம்ப்காரர் உடுத்தியிருந்த துணியோடு குதித்து, மார்பளவு தண்ணீரில் அவளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். புருவத்தில் நாலு தையல், முன்பல்லில் ஒரு சில்லு போயிற்று.

தையல் பிரித்து அவள் திரும்பி வந்தபோது நாற்பது எண்ணும்போதே கை தயங்கியது. தலையைத் தூக்கிக்கொண்டு, தண்ணீரைத் தடவிக்கொண்டு வந்தாள். "பயப்படாதேடி, எண்ணு, எண்ணு" என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். மூன்றாம் நாள் பம்ப்காரர் தன் கம்பை எடுத்துக்கொண்டு வந்தார். நுனியில் வலை இல்லை. குளிக்கிற பஞ்சை உருண்டையாக்கி, சைக்கிள் டியூப்பைக் கிழித்து இறுக்கிக் கட்டியிருந்தார்.

"கண்ணு, நீ எண்ணாத. சும்மா வேகமா வா. சுவர் பக்கத்துல வந்ததும் உன் தலையில நான் ஒரு தட்டு தட்டுவேன். தட்டு விழுந்தா சுவரு. விழலன்னா தண்ணி. அவ்வளவுதான் கணக்கு" என்றார். அவளிடம் சொல்லுமுன் அந்தப் பஞ்சால் தன் தலையிலேயே நாலைந்து முறை தட்டிப் பார்த்துக்கொண்டார்.

பார்வையில்லாத பிள்ளையைக் 'கண்ணு' என்று கூப்பிடுகிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. அவளோ கெக்கெக்கே என்று சிரித்தாள். அன்றைக்கு மாலையில் அவள் சுவரை நோக்கி வந்த வேகத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

வீட்டுக்குப் போய்ப் புத்தகங்களைப் புரட்டினேன். உலகம் முழுக்க இப்படித்தான் செய்கிறார்களாம். கரையில் நின்று கம்பால் தட்டுவதற்கென்றே இரு முனையிலும் ஆள் நிறுத்தவேண்டும் என்று போட்டி விதியே இருக்கிறதாம். சான்றிதழ் வாங்கிய எனக்கு அது தெரியவில்லை. இலை அள்ளுகிறவருக்குத் தானாகவே தோன்றியிருக்கிறது. சட்டத்துக்குள் இருந்த சான்றிதழைப் பார்க்கவே எரிச்சலாக வந்தது.

அப்போது தொடங்கியது இந்த வயிற்றெரிச்சல். அதற்கப்புறம் மனுஷன் அதற்குத் தீனி போட்டுக்கொண்டே இருந்தார். அவள் எப்போதும் வலப்பக்கக் கயிற்றில் போய் உரசுவாள். "நேராப் போ, நேராப் போ" என்று இரண்டு வருஷம் கத்தியிருக்கிறேன். இவர் ஒரு நாள் வந்து, "டீச்சரம்மா, இந்த லேன்ல இடது சுவத்துலேருந்து தண்ணி உள்ள வர்ற குழாய் தள்ளுது. புள்ள என்ன பண்ணும்? அந்தப் பக்கம் அஞ்சாவது லேனுக்கு மாத்துங்க" என்றார். மாற்றினேன். நேராகப் போனாள். இன்னொரு நாள், "கண்ணு, உன் இடது கை சோம்பேறிக் கை. வலது கை சம்பாதிக்குது, இது உக்காந்து சாப்பிடுது" என்றார். அவள் தண்ணீருக்குள்ளேயே சிரித்துப் புரையேறிக் கரையேறினாள். ஒரு மாதத்தில் அந்தக் கையும் வேலை செய்யத் தொடங்கிவிட்டது.

என்னை அவள் 'மிஸ்' என்பாள். அவரை 'மாமா' என்பாள். காலையில் குளத்துக்குள் நுழைந்ததும் முகத்தைத் திருப்பி, "மாமா வந்தாச்சா?" என்றுதான் முதல் கேள்வி. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நிற்பேன். மாவட்டப் போட்டியில் அவள் முதலாவதாக வந்தபோது செய்தித்தாளில் படம் போட்டார்கள். நடுவில் அவள், பக்கத்தில் கம்போடு பம்ப்காரர். படத்தின் ஓரத்தில் ஒரு முழங்கை தெரியும், அது என்னுடையது.

என் வீட்டுக்காரர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர். சாயங்காலம் நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே நுழைந்தால், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமலே, "என்ன, உன் சக்களத்தி இன்னிக்கு என்ன பண்ணினாரு?" என்பார். பாத்திரம் பறக்காத குறைதான்.

அவளுக்குப் பதினேழு வயதானபோது தேசிய அணிக்கான தேர்வு வந்தது. நூறு மீட்டர். ஒரு நிமிஷம் இருபத்து நாலு விநாடிக்குள் வந்தால் அணியில் இடம், ஒரு வருஷம் பெரிய ஊரில் தங்கிப் பயிற்சி. வராவிட்டால் அதோடு சரி. பள்ளியில் அவளுக்கு அது கடைசி வருஷம். விடுதியை விட்டுப் போனபின் குளத்துக்கு யார் கூட்டிக்கொண்டு வரப்போகிறார்கள்? அம்மாவோடு ஆஸ்பத்திரித் துணி மடிக்கப் போய்விடுவாள். இரண்டு தேர்வுகள் வைத்திருந்தார்கள், ஆறு வார இடைவெளியில். இரண்டில் ஒன்றில் வந்தால் போதும்.

படிவத்தை நிரப்பும் வேலை என்னுடையது. கம்பு பிடிக்க இரண்டு பேர் வேண்டும். எதிர்முனையில் ஒருவர். அங்கே அவள் குட்டிக்கரணம் போட்டுத் திரும்புவாள். புறப்பட்ட முனையில் ஒருவர். அங்கேதான் முடிப்பாள். முடிக்கிற இடத்தில் நிற்பவர் குனிந்து கை கொடுத்து அவளைத் தூக்குவார். நேரம் என்ன என்று அவளுக்கு முதலில் சொல்வதும் அவர்தான். நான் யோசிக்கவே இல்லை. 'முடிவு' என்ற கட்டத்தில் என் பெயர், 'திருப்பம்' என்ற கட்டத்தில் அவர் பெயர்.

"உங்க இஷ்டம் டீச்சரம்மா" என்றார் பம்ப்காரர். பயிற்சியில் இரண்டு நாள் பார்த்துவிட்டு மெதுவாக, அதாவது அவரளவில் மெதுவாக, "கொஞ்சம் பொறுத்துத் தட்டுங்க. நீங்க ஒரு வீச்சு முன்னாடியே தட்டிர்றீங்க. புள்ள கையை நீட்டிக்கிட்டுச் சும்மா மிதந்து வருது" என்றார்.

"எனக்கு நீங்க சொல்லித் தர்றீங்களா?" என்றேன்.

அவர் சொன்னது சரி என்பது எனக்கே தெரியும். அவள் சுவரை நெருங்க நெருங்க, ஆறு வருஷத்துக்கு முன் கேட்ட அந்த 'டம்' என் காதில் கேட்கும். கை தானாக முந்திக்கொள்ளும். அப்படியானால் இடத்தை அவருக்கு விட்டுக் கொடுத்திருக்கவேண்டும். விட மனசு வரவில்லை.

முதல் தேர்வில் நேரம் ஒரு நிமிஷம் இருபத்து நாலு விநாடி, முப்பத்தொன்று. விநாடியை நூறாக்கினால் அதில் முப்பத்தொரு பங்கு அதிகம். கண் சிமிட்டுகிற நேரம் கூட இல்லை. பாட்டு டீச்சரை மேல் வரிசையில் உட்காரவைத்து அவருடைய போனில் படம் பிடிக்கச் சொல்லியிருந்தேன். அந்தப் போனை வாங்கிக்கொண்டு கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். எதிர்முனையில் பம்ப்காரரின் தட்டு அளவெடுத்த மாதிரி விழுந்திருந்தது. என்னுடைய தட்டு சுவருக்கு ஒரு ஆள் நீளத்துக்கு முன்பே விழுந்திருந்தது. அவள் கடைசி வீச்சைப் போடாமல் கையை நீட்டிக்கொண்டு சுவரைத் தேடினாள். தேடினாள், தேடினாள், அப்புறம்தான் தொட்டாள்.

வெளியே வந்தேன். பெஞ்சில் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"மிஸ், வீடியோ பாத்தீங்களா? அந்த முப்பத்தொண்ணு எங்க போச்சு?"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன் என்றுதான் நினைக்கிறேன். அந்த நேரம் பார்த்து அந்தப் பக்கத்திலிருந்து பம்ப்காரர் கம்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தார். காலடிச் சத்தம் கேட்டதும் அவள் முகம் அவர் பக்கம் திரும்பியது.

"டர்ன்ல போச்சு" என்றேன். "தட்டு லேட்டு. சுவரோட ஒட்டிப் போயிட்ட. உதைக்க இடமே இல்ல."

"அப்படியா மிஸ்? நல்லா உதைச்ச மாதிரிதானே இருந்துச்சு?"

"தண்ணிக்குள்ள உனக்கு என்ன தெரியும்? நான் கண்ணால பாத்தேன்."

கண்ணால் பார்த்தேன் என்று ஒருத்தி சொன்னால் அவள் என்ன பதில் சொல்லமுடியும்? எல்லோரையும் வாய்க்கு வாய் மடக்குகிறவள் அன்றைக்கு அடங்கிப் போனாள்.

"மாமா, தூங்கிட்டிருந்தீங்களா?" என்று கேட்டபோது அவள் குரல் உடைந்தது. பம்ப்காரர் என்னைப் பார்த்தார். நான் விசில் கயிற்றைச் சரிசெய்தேன். "ஆமா கண்ணு, தப்பாயிருச்சு" என்றார். திரும்பி வரும்போது வண்டியில் அவள் என் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள். எனக்கு உச்சி குளிர்ந்தது. வெட்கமாகவும் இருந்தது. ஆனால் குளிர்ந்ததுதான் அதிகம்.

அடுத்த தேர்வுக்கு டர்னில் வேறு ஆள் போடலாம் என்று அவளே சொன்னாள். பாட்டு டீச்சரை நிறுத்தினேன். பம்ப்காரர் கம்பில் மறுபடி வலையை மாட்டிக்கொண்டு இலை அள்ளப் போனார். இனி அவள் எனக்கு மட்டும்தான். எத்தனை வருஷக் கனவு!

பாட்டு டீச்சர் நல்ல மனுஷி. தாளம் போட்டே பழகிய கை என்பதால் ஒரு தட்டுக்குப் பதில் மூன்று தட்டினார். சில நாள் தட்டவே மறந்து அவள் நீந்துகிற அழகைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு தடவை அவள் விரல்கள் சுவரில் மோதி வீங்கிப் போயின. அடுத்த வாரம் பழையபடி பாதித் தூரத்திலேயே தலையைத் தூக்க ஆரம்பித்தாள். ஒரு நிமிஷம் இருபத்தாறு, அப்புறம் இருபத்தேழரை. பேச்சும் நின்றுவிட்டது. "சரி மிஸ்", "ஆமா மிஸ்". வாயாடி என்று நானே பெயர் வைத்த பெண் தண்ணீரிலிருந்து ஏறித் துண்டை வாங்கிக்கொண்டு பேசாமல் போனாள். "என்னடி ஆச்சு உனக்கு?" என்று கேட்டால், "ஒண்ணுமில்ல மிஸ்" என்றாள்.

தேர்வுக்குப் பத்து நாள் இருந்தபோது பம்ப் அறைக்குப் போனேன். தண்ணீர் கலங்கலாக இருக்கிறது என்று ஒரு சாக்கு வைத்திருந்தேன். உள்ளே குளோரின் நெடி கண்ணைக் கரித்தது. என்னைப் பார்த்ததும் அவர் மோட்டாரை நிறுத்தினார்.

"தண்ணி கலங்கல் இல்ல டீச்சரம்மா. உக்காருங்க" என்றார். உட்கார ஒரு கவிழ்த்த வாளிதான் இருந்தது. உட்கார்ந்தேன். "அந்த வீடியோவ அன்னிக்கே பாட்டு டீச்சர்கிட்ட கேட்டு வாங்கிப் பாத்துட்டேன்."

என் முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் கேட்டுவிட்டேன். "அப்ப ஏன் அவகிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்றது? உங்க டீச்சர் பொய் சொன்னாங்கன்னா? அந்தப் புள்ள முழு வேகத்துல சுவத்தைப் பாத்து வரணும்னா, கம்பு புடிச்சிருக்கிறவங்கள நம்பணும். ரெண்டு பேருல ஒருத்தர் மேல நம்பிக்கை போகணும்னா என் மேல போகட்டும்னு விட்டுட்டேன். நீங்க இல்லாம அவளுக்குப் படிவம் கிடையாது, பஸ் கிடையாது, ஒண்ணும் கிடையாது. நான் இல்லாட்டி என்ன, வேற ஆளு." சற்று நிறுத்தி, "வேற ஆளு சரியா வருவாங்கன்னு நெனச்சேன். அதுதான் தப்பாப் போச்சு" என்றார்.

பாருங்கள், அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. பொறாமைதான் வந்தது. கம்பில் ஜெயித்தாய், பேச்சில் ஜெயித்தாய், மாமா என்ற பெயரில் ஜெயித்தாய். கடைசியில் இதிலும் நீதானா? பாவி மனுஷா, ஒரு சண்டையாவது போடக்கூடாதா? கத்திவிட்டால் பதிலுக்கு நானும் கத்தி, பாரத்தை இறக்கி வைத்திருப்பேன். வாளியிலிருந்து எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டில் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சக்களத்தி என்று கேலி செய்வார் என்று நினைத்தேன். செய்யவில்லை. "நாளைக்கே சொல்லிடு அவகிட்ட" என்றார். "சொன்னா என்னை நம்ப மாட்டாளே" என்றேன். "ஆமா, நம்ப மாட்டா" என்றார். ஆறுதல் சொல்லத் தெரியாத மனுஷன்.

மறுநாள் காலை குளத்துக்கரை பெஞ்சில் அவளை உட்காரவைத்துச் சொன்னேன். டர்ன் சரியாகத்தான் இருந்தது, முடிவில்தான் போயிற்று, தட்டியது நான், பொய் சொன்னதும் நான். சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டேன். அவள் நீச்சல் தொப்பியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தாள். சுற்றுவது நின்றது.

"எவ்வளவு முன்னாடி தட்டினீங்க?"

"ஒரு ஆள் நீளம்."

"பயந்துட்டீங்களா மிஸ்?"

"ஆமா."

"அது பரவாயில்ல." தொப்பியை மடியில் வைத்தாள். "பயந்தா எல்லாரும்தான் முன்னாடி தட்டுவாங்க. ஆனா கண்ணால பாத்தேன்னு சொன்னீங்களே மிஸ். மாமாவ நான் என்னெல்லாம் கேட்டுட்டேன்."

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். எழுந்து, பெஞ்சைத் தடவிக்கொண்டு, அந்தப் பக்கமாக நாலு அடி நடந்தாள். எனக்கு முதுகைக் காட்டியபடியே பேசினாள். "முடிவுல மாமா நிக்கட்டும். டர்ன்ல நீங்க நில்லுங்க. ஒம்போது நாள்ல வேற யாரையும் பழக்க முடியாது. லேட்டாத் தட்டுங்க. முட்டினா முட்டிட்டுப் போறேன். என் மண்டைதானே?"

பம்ப் அறைப் பக்கம் போய், "மாமா!" என்று கூப்பிட்டாள். உள்ளே என்ன பேசினார்கள் என்று தெரியாது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் கழித்து இரண்டு பேரும் வெளியே வந்தபோது அவள் மூக்கு சிவந்திருந்தது. அவருடைய கம்பில் பஞ்சு ஏறியிருந்தது.

அந்த ஒன்பது நாளும் அவர் எனக்குக் கம்பு பிடிக்கச் சொல்லிக் கொடுத்தார். சொல்லவே கூசுகிறது. சான்றிதழை மாட்டி வைத்திருக்கிற நான், வலை இல்லாத கம்போடு குளத்தைச் சுற்றி நடந்து, மிதக்கும் இலைகளைத் தொட்டுத் தொட்டுப் பழகினேன். "மணிக்கட்டு டீச்சரம்மா, தோளு இல்ல" என்பார். "அவ தலையைப் பாக்காதீங்க, பாத்தா பயம் வரும். கையைப் பாருங்க. இந்தக் கை உள்ள போகும்போது தட்டுங்க" என்பார். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டேன். அவள் தேவைக்கு மட்டும் பேசினாள். "இப்ப சரி மிஸ்." "இது முன்னாடி மிஸ்." வேறு ஒன்றும் இல்லை.

இரண்டாவது தேர்வு. ஐம்பது மீட்டருக்கு அந்தப் பக்கம் பம்ப்காரரும் அவளும், இந்தப் பக்கம் நான் மட்டும். படம் பிடிக்கும் வேலையை அவள் அம்மா எடுத்துக்கொண்டாள். விடுப்புப் போட்டுவிட்டு வந்து, புதுப் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மேல் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். விசில் ஊதினார்கள். வருகிறாள். அறுபத்திரண்டு வீச்செல்லாம் பழைய கதை, இப்போது நாற்பத்தெட்டு. முப்பதைத் தாண்டியதும் என் உள்ளங்கை வியர்த்துக் கம்பு வழுக்கியது. நாற்பத்து நாலு. என் கை முந்தத் துடித்தது. தட்டிவிடு, தட்டிவிடு என்று உடம்பு முழுக்கக் கத்தியது. அவள் தலையைப் பார்க்காமல் கையை மட்டும் பார்த்தேன். சுவர் அவ்வளவு பக்கத்தில் இருந்தது. வலது கை உள்ளே போனபோது தட்டினேன். சுருண்டாள், புரண்டாள், இரண்டு காலும் சுவரில் பதிந்து உதைத்த உதையில் தண்ணீர் என் முகத்தில் அறைந்தது.

மிச்சத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை. தூரத்தில் பம்ப்காரர் குனிவது தெரிந்தது, அவர் கம்பு இறங்கி ஏறுவது தெரிந்தது. பலகையில் எண் விழுந்தது. ஒரு நிமிஷம் இருபத்து மூன்று விநாடி, ஐம்பத்தெட்டு.

நான் குளத்தைச் சுற்றிக்கொண்டு அந்த முனைக்குப் போய்ச் சேர்வதற்குள் அவரே அவளைத் தூக்கி நிறுத்தியாயிற்று, நேரம் சொல்லியாயிற்று. அம்மா படியிறங்கி ஓடிவந்து கட்டிக்கொண்டு அழுதாயிற்று. சந்தோஷத்தில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். என் செருப்புச் சத்தத்தை வைத்து அவள் நான் வந்துவிட்டதைக் கண்டுபிடித்தாள்.

"மிஸ், டர்ன் எப்படி இருந்துச்சு?"

"சரியாத் தட்டினேன்டா" என்றேன். எனக்கு மூச்சு வாங்கியது. "கொஞ்சம்கூட முன்னாடி இல்ல. நீ உதைச்ச உதையில நான் நனைஞ்சே போயிட்டேன்."

தலையாட்டினாள். பிறகு அம்மாவின் கையிலிருந்த போனைத் தடவி எடுத்து, அதைப் பம்ப்காரர் இருந்த பக்கம் நீட்டினாள்.

"மாமா, நிஜமாவா?"

அவர் போனை வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்த மனுஷன் கண்ணில் சங்கடம் இருந்தது. இருந்தாலும் அவள் கேட்டுவிட்டாளே, பார்க்கத்தான் வேண்டும். வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு முழுவதையும் பார்த்தார். திருப்பத்தை மட்டும் இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் காத்துக்கொண்டு நின்றோம். அவள் முகம் அவர் பக்கமே திரும்பியிருந்தது.

"நிஜம்தான் கண்ணு" என்றார். "டீச்சரம்மா சரியாத்தான் தட்டியிருக்காங்க."

அதைக் கேட்ட பிறகுதான் என் பக்கம் கையை நீட்டினாள்.